கூடாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல்

எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து எலி செத்து விழுந்த அன்றே கிளம்பிவிட்டோம். தண்டு என்று நாங்கள் சொல்லும் கண்டோன்மெண்டில் அப்போது அதுதான் வழக்கம். பிளேக் முதலில் எலியைக் கொல்லும். பிறகுதான் மனிதரிடம் வரும். ஓடுகளைப் பிரித்து வீட்டுக்குள் வெயில் விழ விட்டு, ஊருக்கு வெளியே கூடாரத்தில் தங்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த இடம் வைட்ஃபீல்ட் சாலையோரம், மைசூர் சர்க்கார் எல்லைக்குள் ஒரு மைதானத்தில் போட்ட பிளேக் முகாம். தண்டில் வெள்ளைக்காரர் ஆட்சி, அங்கே மகாராஜா ஆட்சி.

"புள்ளையத் தூக்கிக்கிட்டு சீமைக்கே போறோம்டி" என்று கணவரின் அக்காவான என் நாத்தனார் சிரித்தாள்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகியவள். தெர்மாமீட்டர், கொசுவலை, பால் சட்டி, கட்டில் கால்களுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றி வைக்கத் தகரக் கிண்ணங்கள் என்று யோசித்து மூட்டை கட்டியிருந்தேன். அப்போதுதான் நடை பழகிய மகள் கூடாரக் கயிறுகளில் தடுக்கி விழுவாள் என்பது தோன்றவில்லை. கயிறுகளில் சிவப்புத் துணி கட்டினேன். அவள் துணியைப் பிடித்து இழுத்து முளையையே பிடுங்கப் பார்த்தாள்.

ஒரு காலை, கணவர் வேலைக்குப் போன பிறகு, அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. சட்டையைக் கழற்றித் தடவிப் பார்த்தேன். இடது அக்குளில் சிறிய கட்டி.

பிளேக் கட்டியும் அங்கே வரும். ஆனால் போன வாரம்தான் முகாமில் அவளுக்கு அதே கையில் அம்மை குத்தியிருந்தார்கள். குத்திய இடம் பழுத்திருந்தது. அதனாலும் காய்ச்சல் வரும், நெறி கட்டும். எனக்கு அது தெரியும். தினமும் சுற்றி வரும் டாக்டர் ஒப்புக்கொள்ள வேண்டுமே. சந்தேகம் வந்தால் குழந்தையைத் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். தாயை உள்ளே விடமாட்டார்கள்.

"நான் அந்தக் கேவுருப் பயிர்க் கொல்லைப் பக்கம் தூக்கிட்டுப் போயிடறேன்" என்றாள் நாத்தனார்.

"வேணாம் அண்ணி. தலை எண்ணுவாங்க. ஒளிச்சோம்னு தெரிஞ்சா கேள்வியே கிடையாது, நேரா கொட்டகைதான். நாமளே காட்டிடலாம்."

"பெத்தவளா நீ, போலீஸ்காரியா?"

பால் காய்ச்ச வெளியே போனேன். திரும்பி வந்தபோது டாக்டர் கூடார வாசலில் நின்றார். நாத்தனார் மடியில் குழந்தை. அதன் அக்குளில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று செக்கச்செவேலென்று இருந்தது. நெறி கட்டினால் எங்கள் வீட்டில் எப்போதும் போடுவதுதான். ஆனால் முகாமில் பிளேக் கட்டியை மறைக்கிறவர்களும் அதைத்தான் பூசினார்கள்.

"மறைக்கப் பாத்தீங்களா?" என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில். "ஸ்வல்ப கை தூக்குங்க."

வெந்நீரில் துணியை நனைத்து அவர் கண்ணெதிரே பற்றைத் துடைத்தேன். குழந்தை வீறிட்டது.

"அம்மை குத்தின புண்ணப் பாருங்க சார். பழுத்திருக்கு. நெறி அதே பக்கம் மட்டும்தான். அழுத்தினா நகருது. வேற எங்கயும் இல்ல. ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன்."

"நீங்க நர்ஸா? அப்போ பற்று யார் போட்டது?"

"நான்தான் சாமி போட்டேன்" என்றாள் நாத்தனார். "அவ காட்டணும்னுதான் சொன்னா. என்னைக் கொண்டு போங்க, புள்ளைய விடுங்க."

அவர் கட்டியை அழுத்தினார். குழந்தை அவர் கட்டைவிரலைக் கடித்தது. அவர் கையை உதறிவிட்டுப் புண்ணை மறுபடி பார்த்தார். கடைசியில், மைதான ஓரத்தில் தனிக் கூடாரம், சுற்றிலும் கயிறு, உள்ளே நானும் குழந்தையும் மட்டும் என்றார். இன்னொரு கட்டி வந்தால் அந்த நிமிடமே கொட்டகை.

அந்த நாட்களில் அவள் உடம்பை எத்தனை முறை தடவினேன் என்று தெரியாது. தூங்கும்போதும் தொடையிடுக்கிலும் கழுத்திலும் விரல் போகும். நாத்தனார் கயிற்றுக்கு அப்பால் பாலை வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையிடம் மட்டும் கையசைத்துப் போவாள்.

காய்ச்சல் இறங்கியது. புண் காய்ந்து பொருக்கு கட்டியது. டாக்டர் விரலைத் தள்ளியே வைத்துக்கொண்டு, என்னையே அழுத்திக் காட்டச் சொன்னார். நெறி கரைந்திருந்தது.

கயிற்றை அவிழ்த்ததும் நாத்தனார் என்னைத் தாண்டிப் போய்க் குழந்தையை வாரிக்கொண்டாள்.

"உங்கம்மாகிட்டச் சொல்லு" என்றாள் அதனிடம், "சோறு ஆறுதுன்னு."