பிரிக்காத உறை

வடக்கே கட்கி என்ற ஊரில் அப்பா காலத்திலிருந்து நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு இது. மாதாமாதம் வாடகையை, நாங்கள் காகா என்று கூப்பிடும் வீட்டுக்காரர் கையில் கொடுப்போம், ரசீது கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாதம் அவர் வாங்கவில்லை.

"அரே, என்ன அவசரம்? அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கிறேன்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

"அந்தாளு காசை வேண்டாங்கறாரா? எங்கேயோ இடிக்குதே" என்றாள் மனைவி.

அடுத்த மாதமும் வாங்கவில்லை. அந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் வந்தது: வாடகை பாக்கி, வீட்டைக் காலி செய்யவும்.

நான் பார்த்த வக்கீல் பதறவில்லை. நோட்டீஸ் கொடுத்துத் தொண்ணூறு நாள் கழியாமல் பாக்கிக்காக வழக்குப் போட முடியாது என்றார். அதற்குள் முழுத் தொகைக்கும் காசோலை எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பச் சொன்னார். 'வாங்க மறுப்பு' என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தது.

"பிரிச்சுடாதீங்க. அவர் மறுத்ததுக்கு இதுதான் சாட்சி" என்றார் வக்கீல்.

அன்று மாலை வீட்டுக்காரரே படியேறி வந்தார். "நமக்குள்ளே தபால் எதுக்கு? அந்தக் கவரைக் கொடுங்க, வாங்கிக்கிறேன்."

"வேற செக் தர்றேன் காகா. ரசீது மட்டும் எழுதிக் கொடுங்க."

பேனா எடுத்து வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கினார். அவர் சட்டைப்பையில் பேனா செருகியிருந்தது. உறையை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.