இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய வருடம்

மூதூரில் ஸல்ஹாவை அறியாதவர்களுக்கும் அவளுடைய மாமனார் ஸஹாப்தீனைத் தெரிந்திருக்கும். வாலிபத்தில் ஊர்க் கழகத்துக்காகப் பின்வரிசையில் நின்று உதைபந்து ஆடியவர். வெறுங்காலோடு ஆடிய காலம் அது. கிண்ணியாக்காரரோடு நடந்த ஒரு மெச்சில் யாரோ மிதித்து வலது பெருவிரல் நகம் கழன்று போனது. பிறகு அது முளைக்கவேயில்லை. ஸல்ஹா அவருடைய தங்கையின் மகள். சிறு வயதிலேயே தாயை இழந்தவளை வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்து, தன் ஒரே மகன் கலீலுர் றஹ்மானுக்குக் கட்டிவைத்தவரும் அவர்தான்.

கலீல் திருகோணமலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலொன்றில் வேலை தேடிப் போனான். வட ஸ்பெயினில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கியவன் திரும்பக் கப்பலில் ஏறவில்லை. ஐஸ் போடும் இடத்தில் கையில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு, வதிவிடப் பத்திரத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். அந்தத் துறைமுக ஊருக்கு ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருந்தது. மீனைப் பற்றிப் பேசாத நேரமெல்லாம் அங்கே சனங்கள் அந்தக் கழகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கலீலுக்கும் அது தொற்றிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே மெச் நடக்கும். திங்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு, அபூதாஹிரின் ‘கொமினிகேஷன்’ என்ற தொலைபேசிக் கடைக்கு அவன் அழைப்பு எடுப்பான். தகப்பனும் மகனும் போனில் உதைபந்துதான் கதைப்பார்கள். போர்க்காலம் என்பதால் ஊரில் என்ன நடக்கிறது என்று போனில் கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்லக் கூடாது. யாரெல்லாம் ஒட்டுக் கேட்கிறார்களோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. ஆகவே கோல்கீப்பரின் முழங்காலைப் பற்றி, புதிய பயிற்றுநரைப் பற்றி, கோணர்க் கிக்கைப் பற்றி அவர்கள் விரிவாகப் பேசுவார்கள். போன் கார்ட் முடியும் தறுவாயில்தான் ரிசீவர் ஸல்ஹாவின் கைக்கு வரும். சாப்பிட்டியா, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிடும். அந்தக் கழகத்தை அவள் உள்ளூர வெறுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்து ஆறு ஓகஸ்டில் மூதூரில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. ஊரே காலால் நடந்து கந்தளாய்ப் பக்கம் போனது. ஸல்ஹா நாலு வயது மகள் பரீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஸஹாப்தீன் பின்னால் வந்தார். கிளிவெட்டி தாண்டிக் காட்டுப் பாதையில் ஒரு மரத்தடியில் அவர் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நீ முன்னுக்குப் போ, நான் எழும்பி வாறன் என்று கையைக் காட்டினார். அவள் பிள்ளையோடு சற்று முன்னால் போய் நின்றாள். அப்போதுதான் ஷெல் விழுந்தது. சனம் அலறிக்கொண்டு முன்னே தள்ளியது. அவளையும் தள்ளிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தபோது புகை மட்டுமே தெரிந்தது.

கந்தளாய் முகாமில் அவரைத் தேடினாள். ஆஸ்பத்திரியில் தேடினாள். செப்டெம்பரில் ஊர் திரும்பும் வழியில், அந்தப் பாதையோரமாகச் சில மையித்துகளை அடக்கியதாகச் சொன்ன, வயல் செய்யும் ஒரு கமக்காரனைப் பிடித்து, வலது பெருவிரலில் நகமில்லாத ஆள் இருந்தாரா என்று கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்தான். நாங்கள் கால்களைப் பார்க்கேல்லை, அவசரமாய் மூடினது என்றான். பள்ளிவாசலில் மையித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். ஊரில் எல்லாரும் அவர் மௌத்தாகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள். ஸல்ஹாவும் தலையை ஆட்டினாள்.

தொலைபேசிக் கம்பி ஒழுங்கான முதல் வாரமே கலீல் அழைத்தான். அவள் குரலைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையைக் கேட்டான். பிறகு, “வாப்பா எங்க?” என்றான்.

அவள் எதையும் திட்டமிட்டு வரவில்லை. “பள்ளிக்குப் போயிருக்கார்” என்று வாய் சொன்னது.

அடுத்த திங்கட்கிழமைக்குள் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள். ஆனால் அந்தத் திங்கள் அவன், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊருக்கு வரப்போவதாகச் சொன்னான். பத்திரம் கிடைக்கும் காலம் நெருங்கியிருந்தது. இடையில் வெளியேறினால் திரும்ப உள்ளே போக முடியாது. ஊரிலோ இளம் ஆண்கள் வீட்டை விட்டு வெளியே வரவே யோசிக்கும் நாட்கள். வாப்பாவுக்கு ஏதும் எண்டால்தான் வரோணும், அவர் இருக்கிறார் எண்டால் நான் இன்னும் கொஞ்சம் பொறுப்பேன் என்றான். மாமாவுக்கு ஷெல் சத்தத்தில் காது அடைத்துவிட்டது, போனில் ஒன்றும் விளங்காது, மற்றப்படி சுகம் என்று அவள் சொன்னாள். கண்ணாடிப் பூத்துக்கு வெளியே அபூதாஹிர் மேசையைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்டது. 

அன்றிலிருந்து கழகத்தின் செய்திகள் அவள் காதுக்கு வந்தன. முதற்பிரிவில் இருபது கழகங்கள். வருட முடிவில் கடைசி மூன்று கழகங்களையும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். கலீலின் கழகம் தொடக்கத்திலிருந்தே அந்தக் கடைசி மூன்றுக்குள் கிடந்தது. முதலில் ஒரு கோல் அடிப்பார்கள். பிறகு தங்கள் கோல் வாசலில் போய்க் குவிந்து நின்று, கடைசி நேரத்தில் இரண்டு வாங்குவார்கள். பயிற்றுநரை மாற்றினார்கள். புதியவரின் கீழும் தோற்றார்கள்.

“வாப்பாட்ட சொல்லு. அவர் என்ன சொல்றார் எண்டு வாற கிழமை எனக்குச் சொல்லு.”

ஆகவே பதிலோடு போக வேண்டியிருந்தது. முதலில் பொதுவாக எதையாவது சொன்னாள். மாமா கவலைப்பட்டார், துஆ கேட்கிறார் என்றாள். கலீலுக்கு அது போதவில்லை. வாப்பா இப்படி மொட்டையாகக் கதைக்கமாட்டாரே என்றான். அவள் பயந்துபோனாள். வீட்டுக்கு வந்து குசினியில் மீன் அரிந்தபடி, மாமனார் இத்தனை வருடமாக ரிசீவருக்குள் கத்திய கதைகளை ஒவ்வொன்றாக நினைவுக்கு இழுத்தாள். வெறுப்போடு கேட்டிருந்தாலும் கேட்டது கேட்டதுதான். பின்னுக்கு நிக்கிறவன் பந்தைப் பார்த்தால் கெட்டான், வாற ஆளின்ட இடுப்பைப் பார்க்கோணும். அவர் சொன்னது அவருடைய குரலிலேயே வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கலீல் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் அந்த வருடத்தில் கேட்டதேயில்லை.

மார்கழி மழை தொடங்கியபோது தெற்குப் பக்கம் தூரத்தில் ஷெல் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஸல்ஹா சோறு வடிக்கையிலும் துணி உலர்த்தையிலும் உதைபந்தையே நினைத்தாள். பந்து எந்தப் பக்கமாக வரும், யார் முன்னே போவான், யாருடைய இடம் வெறுமையாகும் என்று அவளுக்குப் படமாகத் தெரிந்தது. பகல் நித்திரையில் விழிப்பு வரும்போது முற்றத்தில் அந்த இருமல் கேட்கும். நெஞ்சுச் சளியைச் செருமி ஒதுக்கிவிட்டுக் கதைக்கத் தொடங்கும் அவருடைய இருமல். எழுந்து போய்ப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு ஆடு நிற்கும். அல்லது ஒன்றும் நிற்காது.

தை மாதத்தில் கழகம் ஒரு புதிய பின்வரிசை ஆட்டக்காரனை வாங்கியது. உயரமானவன், ஆனால் மெதுவானவன் என்று கலீல் குறைப்பட்டான். வாப்பாவிடம் கேட்டுச் சொல் என்றான். கேட்கவே தேவையிருக்கவில்லை. பூத்துக்குள்ளேயே, அவள் தோளுக்குப் பின்னால் யாரோ செருமியது போல இருந்தது. “நடுவில விட வேணாம். இடப்பக்கம் விடச் சொல்லு” என்றாள்.

“இப்பவே சொல்றியே, வாப்பா பக்கத்தில நிக்கிறாரா?”

“ஓம்” என்றாள் ஸல்ஹா.

அடுத்த ஞாயிறு பயிற்றுநர் அவனை இடப்பக்கம் விட்டார். கழகம் வென்றது. அதற்கடுத்த ஞாயிறும் வென்றது. வாப்பா சொன்ன மாதிரியே செய்யிறாங்கள் என்று கலீல் குதூகலித்தான். ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்த ஸல்ஹா பூத்துக்குள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

அபூதாஹிர் அன்றுதான் வாயைத் திறந்தான்.

“தங்கச்சி, கோவிக்கப்படாது. நீங்க கதைக்கக்குள்ள பூத்துக்குள்ள ரெண்டு பேர் நிக்கிற மாதிரி இருக்கு எனக்கு. நான் அங்கால பார்க்கிறல்ல இப்ப.”

 அவனுக்கும் அப்படித் தெரிகிறது என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதை நினைத்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கப்பட்டாள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் கிணற்றடியிலிருந்து உள்ளே வந்தபோது, பரீனா பாயை விரித்து மூன்று சோற்றுக் கோப்பைகள் வைத்திருந்தாள். மூன்றாவதில் சோறு போட்டு, முள் எடுத்த மீன் துண்டு ஒன்றும் வைத்திருந்தாள். இதென்ன என்று தாய் கேட்டாள்.

“இண்டைக்குத் திங்கள்தானே உம்மா. மூத்தவாப்பா வருவார்.”

ஸல்ஹா, பாட்டனுக்கென்று வைத்த அந்தக் கோப்பையின் முன்னால் குந்தியிருந்தாள். பிள்ளை எதைக் கேட்டாள், எதைப் பார்த்தாள் என்று விசாரிக்கத் துணிவில்லை. அந்தச் சோற்றைக் கொட்டவும் மனம் வரவில்லை. கடைசியில் அதைத் தானே சாப்பிட்டாள்.  

அதற்குள் வைகாசி முடியும் தறுவாய். கழகம் கடைசி மூன்றுக்குச் சற்று மேலே, நூலில் தொங்கிக்கொண்டு நின்றது. ஒரு மெச் மட்டுமே மிச்சம். வென்றால் தப்பும். அன்றைய அழைப்பில் கலீல் முதலில் பத்திரத்தைப் பற்றித்தான் பேசினான். பத்திரம் சரிவரும் போலிருக்கிறது என்று சட்டத்தரணி சொன்னாராம். அந்தச் சந்தோசத்தில் அவன் கேட்டான்.

“காது கேக்காட்டியும் பரவாயில்ல. ரிசீவரை வாப்பாட வாய்க்கிட்டப் பிடி. அவர் ஒரு சொல்லு சொன்னாப் போதும். கடைசி மெச்சுக்கு முதல் அந்தக் குரலைக் கேக்கோணும்.”

அவள் காத்திருந்தாள். பின்னால் செருமல் வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பூத்துக்குள் அவள் மட்டும்தான் நின்றாள்.

“மச்சான், மாமா இல்ல” என்றாள். “ஓடக்குள்ள, கிளிவெட்டிக்கு அங்கால, ஷெல் விழுந்தது. மையித்தும் கிடைக்கல்ல.”

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவன், “எப்ப?” என்றான்.

“போன ஓகஸ்டில.”

 ஐஸ் உடைக்கும் இயந்திரம் எங்கோ ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. “அப்ப இந்த வருசம் முழுக்க நான் யாரோட கதைச்சன் புள்ள?” என்றான்.

“தெரியா மச்சான்” என்றாள் அவள். அது பொய்யில்லை. தொடர்பு அறுந்தது.

அடுத்த திங்கள் அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. வீட்டில் இருமலும் நின்றுவிட்டது. ஸல்ஹா மத்தியானங்களில் வேண்டுமென்றே படுத்துக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். முற்றத்தில் காற்று மட்டும் அலைந்தது. ஒரே சொல்லில் இருவரையும் துரத்திவிட்டேன் என்று நினைத்தாள். பரீனா பாயில் இரண்டு கோப்பைகளே வைத்தாள். அது ஏனென்றும் தாய் கேட்கவில்லை.

கடைசி மெச் முடிந்திருக்க வேண்டும். முடிவு தெரியவில்லை. பேப்பரில் கிரிக்கெட்தான் இருந்தது. அபூதாஹிருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருக்க அவளால் ஏலாமல் போனது. ஒரு நாள் பிள்ளையை அயலில் விட்டுவிட்டு, லோஞ்ச் படகில் ஏறித் திருகோணமலைக்குப் போனாள். சோதனைச் சாவடியில் எதற்குப் போகிறாய் என்று கேட்டதற்கு மருந்து வாங்க என்றாள். கடைத்தெருவில் இன்டர்நெட் கடையொன்றில், கலீல் சொல்லிச் சொல்லி வாயில் பழகிய அந்தக் கழகத்தின் பெயரைச் சொன்னாள். கடைக்காரர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தேடினார்.

முதலில் கழகம்தான் கோல் அடித்திருந்தது. ஆட்டம் முடியச் சற்று முன்னர் இரண்டு வாங்கியிருந்தது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது.

படகுத்துறை ஜெட்டிக்கு வந்து, திரும்பும் லோஞ்சுக்காகக் காத்திருந்த சனத்துக்கு நடுவே அவள் உட்கார்ந்தாள். அழத் தொடங்கினாள். முகாமிலும் அழவில்லை, தொழுகை நடந்த அன்றும் அழவில்லை. இப்போது அடக்க முடியவில்லை. பக்கத்தில் கட்டைபறிச்சானுக்குப் போகக் காத்திருந்த அன்னலட்சுமி என்ற பெண் தன் பையை நகர்த்திவிட்டுக் கிட்ட வந்தாள்.

“ஆர் பிள்ளை செத்தது?”

“மாமா மௌத்தாயிட்டார்” என்றாள் ஸல்ஹா.

“எப்ப?”

“போன வருசம்.”

அன்னலட்சுமிக்கு அது விசித்திரமாகப் படவில்லை. “ஓம், அப்பிடித்தான் வரும்” என்று சொல்லிவிட்டு, லோஞ்ச் வரும்வரை அவளுடைய முதுகில் கையை வைத்தபடியே இருந்தாள். தன் வீட்டில் செத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. ஸல்ஹாவும் கேட்கவில்லை.

ஆடி மாதத்தில் கலீல் அழைத்தான். மொரோக்கோக்காரர்கள் தொழும் அறையொன்றில் வாப்பாவுக்காகத் தொழுவித்ததாகச் சொன்னான். பிறகு, நடந்ததை முதலிலிருந்து சொல் என்றான். வீட்டைப் பூட்டியதிலிருந்து அவள் சொன்னாள். மரம், கையைக் காட்டியது, புகை, கமக்காரன் சொன்னது எல்லாம் சொன்னாள். போனில் கதைக்கக் கூடாதவையெல்லாம் கதைத்தாள். அபூதாஹிர் எழுந்து போய்க் கடைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டான்.

“கோபமா மச்சான்?”

“முதல் கோபம்தான். பிறகு அந்தத் திங்கள்கள் இல்லாட்டி எனக்கு என்ன இருந்திருக்கும் எண்டு யோசிச்சன்.” பிறகு, “கழகம் இறங்கிட்டு” என்றான்.

“தெரியும். ஒரு கோல் அடிச்சவுடன பயந்து பின்னுக்கு வந்திருப்பாங்கள்.”

அவன் தயங்கினான். “இது வாப்பா சொன்னதா, நீ சொல்றதா?”

“நான் சொல்றது” என்றாள். அவளுக்குத் தன் குரல் தன் குரலாகவே கேட்டது.

போர் முடிந்து ஒரு வருடம் கழித்துக் கலீல் பத்திரத்தோடு ஊருக்கு வந்தான். வந்த அடுத்த நாளே அந்த இடத்தைக் காட்டச் சொன்னான். இருவரும் ஓட்டோவில் போனார்கள். பாதையை அகலமாக்கி, கிரவல் கொட்டியிருந்தார்கள். இருபுறமும் ஒரேமாதிரி மரங்கள். ஸல்ஹா இறங்கி முன்னும் பின்னும் நடந்தாள். இதுதான் என்று ஒரு மரத்தைக் காட்டினாள். அவர்கள் நின்று பாத்திஹா ஓதினார்கள். பத்தடி நடந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

“இதுவாகவும் இருக்கலாம்” என்றாள்.

கலீல் மறுபடி கையை ஏந்தினான். அங்கேயும் ஓதினார்கள். இருள் தட்டும் முன் திரும்ப வேண்டும், ஆனை வாற இடம் என்று ஓட்டோக்காரன் கூப்பிட்டபோது, அவர்கள் அடுத்த மரத்தடிக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.