பிரேக் ஆயில்

எங்கள் லாரியின் டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். அதுவும் ஓட்டுவதற்கு இல்லை, பிரேக்கை மிதிப்பதற்கு.

தொண்ணூறுகளின் கடைசியில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு முற்பகல். கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. பின்னால் ஒரு காலி மனை, அதைத் தாண்டினால் கரிசல்காடு. அந்த மனையில் எங்கள் பழைய டீசல் லாரி நின்றது. அதனடியில் மெக்கானிக் அண்ணாச்சி மல்லாந்து கிடந்தார். மிதிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி. ஆறு மாதமாக லாரியில் ஏறுவதில்லை. லாரியை ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தன் இனி அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மிச்சம் நான்.

கொழுந்தனின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போவான், திரும்பும்போது குளத்தூர்ப் பக்கம் உப்பு ஏற்றி வருவான். நாலு நாளாக, வந்ததும் வராததுமாக, "அண்ணே, பெடல் இறங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. "ரெண்டு மிதி சேத்து மிதிலே, நிக்கும். நாங்கள்லாம் அப்படித்தான் ஓட்டுனோம்" என்பார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பிரேக் மெத்தென்று இருந்தால் படபடவென்று இரண்டு மிதி. வண்டியும் எப்படியோ நின்றுவிடும், கோளாறும் உள்ளேயே இருந்துவிடும்.

முந்தின நாள் சாயங்காலம் அது நிற்கவில்லை. எட்டயபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சைச் சாய்த்துவிட்டுத்தான் லாரி நின்றது. நல்லவேளை, பெஞ்சில் ஆள் இல்லை. வீட்டு வாசலில் வந்து இறங்கியவனை, தெரு பார்க்க, "குடிச்சிருந்தியாலே?" என்று கேட்டுவிட்டார் இவர். பீடி வாடை கூட ஆகாத பிள்ளை அவன். சாவியை ஆணியில் மாட்டினான். காலையில் பார்த்தால் பை தயாராக இருந்தது. மத்தியானம் திருப்பூர் பஸ். லாரியில் கோளாறு இருக்கிறது என்று தெரிந்தால் அவன் நின்றுவிடுவான் என்று எனக்கு நப்பாசை. இவரோ கோளாறு இல்லை என்று காட்டுவதற்காகவே அண்ணாச்சியை வரச்சொல்லியிருந்தார்.

"அமுத்துங்க தங்கச்சி" என்றது அடியிலிருந்து குரல். அமுத்தினேன். "விடுங்க." விட்டேன். "மூணு தரம் அமுத்திட்டு அப்படியே புடிச்சிக்கிடுங்க."

மூன்றாவது மிதியில் பெடல் கெட்டியாக எதிர்த்து நின்றது. பிறகு, நான் காலை அசைக்காமலே, மெதுவாக இறங்கத் தொடங்கியது. மழை பெய்த கரிசலில் கால் வைத்தால் முதலில் தரை தாங்குவது போலிருந்து பிறகு உள்ளே வாங்குமே, அப்படி. "இறங்குது அண்ணாச்சி" என்றேன். "திரும்ப அமுத்துங்க" என்றார். அவர் ஒவ்வொரு சக்கரமாக ஊர்ந்து போய்ப் பார்க்கப் பார்க்க, நான் அமுத்துவதும் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தேன்.

அந்த உயரத்திலிருந்து நான் என் ஊரைப் பார்த்ததே இல்லை. முன்கண்ணாடி முழுக்க உளுந்தம்பயிர். ஈரக் கருப்புக்கு மேலே அந்தப் பச்சை நகர்ந்துகொண்டே இருந்தது. காற்றுதான் என்று தெரியும். ஆனாலும் லாரிதான் போகிறது என்று வைத்துக்கொண்டேன். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தேன். எட்டயபுரம் போனது, விளாத்திகுளம் போனது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை, இன்னும் உலை வைக்கலையா என்று கேட்க ஆளில்லை. குளத்தூரில் உப்பு அம்பாரங்கள் வெயிலில் கண் கூச நின்றன. அதற்கு அந்தப் பக்கம் கடல். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் தனியாக இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் பாதத்தின் கீழே பெடல் தூக்கம் வருவது போல இறங்கியது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"போதும், இறங்குங்க" என்றார் அண்ணாச்சி. கை துடைத்துக்கொண்டே, பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இவரிடம் சொன்னார்: "நாலு வீலும் காஞ்சி கெடக்கு, எங்கனயும் ஒழுகல. காத்து புடிச்சிருந்தா மிதிக்க மிதிக்க மேல வந்து நின்னுரும். இது நின்னுட்டுல்லா இறங்குது. பெடல அமுத்துனா ஆயிலத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்குள்ளதான் சங்கதி." பிரேக் ஆயில் ஊற்றும் சின்ன மூடியைத் திறந்தார். மூடிக்குள் இருந்த ரப்பர் ஊறிய அப்பளமாய் நெளிந்து கிடந்தது. மோந்து பார்த்தார். "தங்கச்சி, ஒரு கண்ணாடி கிளாஸ்ல தண்ணி கொண்டாங்க."

கொண்டுவந்தேன். ஒரு குச்சியால் தொட்டு நாலு சொட்டு விட்டார். சொட்டுகள் கலையவில்லை. மேலே வட்டம் வட்டமாக மிதந்தன.

"பிரேக் ஆயில்னா தண்ணியோட கலந்துரும். பேருதான் ஆயிலு, அது எண்ணெயே கெடையாது. எவனோ இன்ஜின் ஆயில ஊத்தியிருக்கான். ரப்பரு பூரா ஊதிப்போச்சு."

இவர் தலை கொழுந்தன் இருந்த பக்கம் திரும்பியது. அவன் பின்வாசல் படியில் பையோடு உட்கார்ந்திருந்தான்.

கடல், உப்பு எல்லாம் எனக்கு அந்த நிமிஷம் வற்றிப்போயிற்று. ஐந்து நாளைக்கு முன்னால், கொழுந்தன் தூங்கிக்கொண்டிருந்த நேரம், "பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கும், ஊத்திரு" என்று இவர் நாற்காலியிலிருந்தே சொன்னார். சின்ன டப்பா காலியாக இருந்தது. பெரிய டப்பாவில் நிறைய இருந்தது. ஆயில்தானே என்று ஊற்றினேன். அடுக்களையில் நல்லெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய் விழுந்தால் ஊரைக் கூட்டுகிறவள் நான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நாந்தான் ஊத்துனேன்" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார். "பிரேக் ஆயில்னு சொன்னேம்லா" என்றார். குரலில் பலமே இல்லை. பிறகு உள்ளே போய், ஆணியிலிருந்து சாவியை எடுத்துவந்து தம்பியின் பக்கத்தில் படியில் வைத்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

கொழுந்தன் சாவியைத் தொடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் ரோடு வரைக்கும் பின்னாலேயே ஓடி அவன் கையைப் பிடித்தேன். "தப்பு என்னுதுதான் தம்பி, ஆயில ஊத்துனது நாந்தான், நீ எதுக்குப் போற?" என்று அழுதேன்.

"ஆயிலுக்காகப் போகல மதினி" என்றான். கோபமே இல்லாமல்தான் சொன்னான். "நாலு நாளா சொன்னேன். வீட்டுல ஒருத்தராவது ஒரு தடவ ஏறி மிதிச்சிப் பாத்தியளா?"

நான் அவன் கையை விட்டேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.