ஒரு முறை ஊற்றிய தண்ணீர்

என்னை மூன்று தடவை தண்ணீருக்குக் கூப்பிட்டார்கள். முதல் தடவை மட்டும்தான் போனேன். அப்போது நான் பிறந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, மறுக்கத் தெரியாது. மற்ற இரண்டு தடவையும் மறுத்தேன். மூன்றாவது மறுப்பு என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. இன்றைக்குக் கேட்டாலும் மறுப்பேன்.

நான் பிறந்தது மலேசியாவில், பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரி என்றால் நான்கு கட்டில், காயத்துக்கு மருந்து கட்டுகிற ஒரு டிரெஸ்ஸர், ஒரு மருத்துவச்சி. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நானும் நீலம் பாய்ந்துதான் வந்தேனாம், அழவே இல்லையாம். அம்மா கத்தோலிக்கர். ஈப்போவிலிருந்து சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் தோட்டத்துக்கு வருவார். அன்று அவர் வருகிற நாள் இல்லை.

ஆனால் அந்தச் சாமியார் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தன் சுற்றில் இருந்த தோட்டங்களில் பிரசவம் பார்க்கிற பெண்கள் எல்லாருக்கும், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். வேதக்காரர் வீட்டுக் குழந்தை பிழைக்காது என்று தோன்றினால் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டே, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூவர் பேரையும் சொல்லி, உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் மருத்துவச்சி தோட்டத்து மாரியம்மனுக்கு வருஷா வருஷம் தீச்சட்டி எடுக்கிறவள். ரப்பர் பால் சேர்க்கிற மங்கு ஒன்று ஜன்னலோரம் கிடந்திருக்கிறது. அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து என் தலையில் ஊற்றி, கற்றுக்கொண்டதைப் பிசகாமல் சொன்னாள். பிறகு இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசினாள். அம்மா கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சாமிகிட்டயும் சொல்லிட்டேன், எங்க ஆத்தாகிட்டயும் சொல்லிட்டேன். யார் காப்பாத்தினாலும் சரிதான்லா" என்றாளாம்.

நான் அழுதேன்.

அடுத்த மாதம் சாமியார் வந்து அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். தண்ணீர் தலையில் ஓடியதா? என்ன வார்த்தை சொன்னாய்? அவள் திருப்பிச் சொன்னாள். திருநீற்றையும் மறைக்கவில்லை. அதற்கு அவர், "அது உன் பிரியம். தண்ணி ஊத்துனது செல்லும்" என்றார். எண்ணெய் பூசினார், வெள்ளைத் துணி போட்டார், மெழுகுவர்த்தி கொடுத்தார். தண்ணீர் மட்டும் மறுபடி ஊற்றவில்லை. கோயில் புத்தகத்தில், ஞானஸ்நானம் கொடுத்தது மருத்துவச்சி என்று எழுதினார். பின்னாளில் நானே போய் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டம் கைமாறியது. ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள், பிறகு அதையும் வெட்டி வீடு கட்டினார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு இறங்கும்போது நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்தேன். லூமுட்டில் மீன்படகு, கோலா கங்சாரில் மரக்கிடங்கு, எங்கேயும் இரண்டு வருஷம் தங்கியதில்லை. சித்தியவானில் வேலையில்லாமல் கிடந்தபோது ஒரு சின்ன ஜெபக்கூட்டத்தார் மூன்று மாதம் எனக்குச் சோறு போட்டார்கள். நல்ல மனிதர்கள். நான்காவது மாதம், லூமுட் கடலில் முழுக்கி எடுக்கிறோம் வா என்றார்கள். ஏற்கெனவே ஆயிற்று என்றேன். அது கணக்கில்லை என்றார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். இது இரண்டாவது தடவை.

கடைசியில் ஒட்டிக்கொண்ட தொழில் சாயம் அடிப்பது. கிறிஸ்மஸுக்கு முந்தின மூன்று மாதம் பேராக் முழுக்கக் கோயில்களுக்குச் சாயம் அடிப்பேன். ஒரு கோயிலை உள்ளும் வெளியும் சுரண்டிப் பூசினால் அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று சுவரே காட்டிக்கொடுத்துவிடும். கத்தோலிக்கக் கோயிலில் ஞானஸ்நானத் தொட்டி வாசலருகே கல்லில் இருக்கும், உள்ளே வருவதற்கு அதுதான் வழி என்கிற மாதிரி. மெதடிஸ்ட் கோயிலில் அது சின்னக் கிண்ணமாகிச் சபைக்கு முன்னால், திருவிருந்து மேசைக்குப் பக்கத்தில் வந்துவிடும். திருவிருந்தின் திராட்சை ரசமும் ஒரே பாத்திரத்தில் இல்லை, விரல் உயரக் கண்ணாடிக் குப்பிகளில், அதுவும் புளிக்காத திராட்சைச் சாறு. மலையாளிகளின் பழைய கிழக்குச் சபை ஒன்றில் சாரத்தின்மேல் உட்கார்ந்து நான் பார்த்தபோது, பால்குடி மாறாத குழந்தைக்கு ஞானஸ்நானம், எண்ணெய், நற்கருணை மூன்றையும் ஒரே மூச்சில் கொடுத்து முடித்தார்கள். எங்கள் பக்கம் அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொள்வோம்.

ஏன் இப்படி என்று கேட்டு அலைந்தேன். கோயில் ஸ்டோர் அறையைக் காலி செய்யும்போது கிடைக்கிற மக்கிய புத்தகங்களைச் சாய டின்மேல் உட்கார்ந்து படித்தேன். தெரிந்தது இதுதான். ஆதியில் எல்லாம் ஒரே சடங்கு. வளர்ந்தவர்கள் நீண்ட நாள் காத்திருந்து, தண்ணீரில் இறங்கி, எண்ணெய் பூசி, அப்பமும் ரசமும் வாங்குவார்கள். ஓடுகிற தண்ணீர் நல்லது, இல்லையென்றால் நிற்கிற தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்பது மிகப் பழைய வழக்கம். சபை பெருகியதும் குருக்களுக்கு மேலான ஆயரால் எல்லா ஊருக்கும் போக முடியவில்லை. மேற்கே, ரோம் பக்கத்தில், அவர் வரும்வரை எண்ணெயைத் தள்ளி வைத்தார்கள். அது உறுதிபூசுதல் என்று தனிச் சடங்காயிற்று. கிழக்கே, ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருவிடமே கொடுத்துவிட்டார்கள். இந்தப் புனிதச் சடங்குகளை ஏழு அருளடையாளங்கள் என்று எண்ணி முடிக்கவே ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆனது. பிறகு வந்த சீர்திருத்தக்காரர்கள், வேதத்தில் இருப்பது இரண்டுதான் என்று மற்றதை ஓரம் கட்டினார்கள். பிள்ளைப்பேறு பார்க்கிற பெண்கள் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் பல நூறு வருஷப் பழக்கம். எங்கள் தோட்டத்துச் சாமியார் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

நான் கட்டிக்கொள்ள நினைத்தவளைச் சந்தித்ததும் சாயத்தால்தான். ஈப்போவில் கடைவீட்டு மாடியில் ஒரு சுயாதீன சபை. மேடைப் பலகையைத் தூக்கினால் கீழே முழுக்குத் தொட்டி. அதற்குள் இறங்கி நீலச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து ஒரு குரல்: "பெயிண்டர் அண்ணே, தே ஓ வேணுமா?" பால் சேர்க்காத தேநீர்தான். ஐம்பத்தைந்து வயது விதவை, தொழிற்சாலை கேண்டீனில் சமையல். மூன்றாம் நாள் அண்ணேயை விட்டுவிட்டாள். வெறும் "பெயிண்டரே" ஆனேன். மறு வருஷம் கல்யாணம் என்று முடிவு செய்தோம்.

அவளுக்கு ஒரு ஆசைதான். முதல் கல்யாணம் பதிவு இலாகாவில் பத்து நிமிஷத்தில் முடிந்தது, ஒருவரும் வரவில்லை. இந்தத் தடவை தன் சபையில், தன்னோடு இருபது வருஷம் ஜெபித்த பெண்கள் பாட்டுப் பாட, அவர்கள் கண்முன் நடக்க வேண்டும்.

பாஸ்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். என்னைவிட இருபது வயது இளையவர், மரியாதையானவர்.

"பிரதர், கல்யாணம் தாராளமா நடத்தலாம். முதல்ல நீங்க முழுக்கு எடுக்கணும்."

"எனக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சு பாஸ்டர்." கதையைச் சொன்னேன். திருநீறு வந்த இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு இந்து அம்மா ஊத்துனது, அதுவும் திருநீறோட. அதை எப்படி பிரதர் ஞானஸ்நானம்னு சொல்றது?"

"ஊத்துன கை யாரோடதுன்னு பாக்க ஆரம்பிச்சா எவன் கையும் தேறாதுலா. இந்தச் சண்டை ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்துருக்கு. தப்பான ஆளுங்க ஊத்துனது செல்லாது, மறுபடி ஊத்துன்னு ஆப்பிரிக்காவுல சொன்னாங்க. ஒரு தடவைதான், திருப்பி ஊத்தாதேன்னு ரோம்ல சொன்னாங்க. நான் ரோம் கட்சி."

"நீங்க சரித்திரம் பேசுறீங்க, நான் வசனம் பேசுறேன். முதல்ல விசுவாசம், அப்புறம் தண்ணி. அந்த வரிசைய மாத்துனது யாரு பிரதர்? பச்சப் பிள்ளைக்கு என்ன விசுவாசம் இருந்துச்சு?"

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் சிலர் இதே கேள்வியைக் கேட்டு, வளர்ந்த பிறகு மறுபடி முழுக்கு எடுத்தார்கள். அதற்காகவே சிலரை ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள், கொன்றவர்களும் கிறிஸ்தவர்களே. படித்தபோது அன்று முழுக்க ரோலரைத் தொட மனம் வரவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

"அவங்க செத்தது உங்க வழிக்காகத்தான் பாஸ்டர். நான் மதிக்கிறேன். ஆனா, மனசில்லாதவனத் தண்ணியில இறக்கக்கூடாதுன்னுதானே அவங்க சொன்னாங்க? எனக்கு மனசில்ல."

 "அப்படின்னா என்னால முடியாது பிரதர்" என்றார் அவர்.

கீழே சாலையோர ஒட்டுக்கடையில் அவள் என்மேல் பாய்ந்தாள்.

"நீங்க சாயம் அடிச்ச தொட்டிதானே? அதுல இறங்க என்னா? மீன்பிடிக்கப் போனீங்க, நனையாமலா வந்தீங்க?"

"இறங்கினா, அந்தப் பொம்பளை ஊத்துனது வெறும் தண்ணின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"செத்துப்போன பொம்பளைக்காக உசுரோட இருக்கிறவள நிக்க வைக்கிறீங்க. நல்லாருக்கு பெயிண்டரே."

இரண்டு வாரம் அவள் போனை எடுக்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆனாலும் மனம் மாறவில்லை. ஒன்றுமில்லாத என்னிடம் யாரும் திரும்ப வாங்க முடியாதது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். வீடு போயிற்று, தோட்டம் போயிற்று, அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். என்னை உயிரோடு வைக்க ஒருத்தி தனக்குச் சொந்தமில்லாத வார்த்தையை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதைச் செல்லாது என்று சொல்ல நான் யார்?

மூன்றாம் வாரம் அவளே வந்தாள். உட்காரவில்லை.

"உங்க சாமியார்கிட்ட கேட்டா?"

"நடத்துவாரு. ஆயர்கிட்ட அனுமதி வாங்கணும். ஆனா அன்னிக்கு நற்கருணை அப்பத்த எனக்குக் கொடுப்பாங்க, உனக்குக் கொடுக்க மாட்டாங்க."

"அங்க என்னை யாருக்குத் தெரியும்? என் ஆளுங்க இங்கதான். ஆளாளுக்கு ஒரு வேலி போட்டு வெச்சிருக்கீங்க." அப்புறம் கேட்டாள். "சரி, உங்க பக்கம் கல்யாணம்னா அந்த அருளடையாளத்தக் கொடுக்கிறது யாரு? சாமியாரா?"

"கிழக்குச் சபையில குருதான், கிரீடம் வெச்சு நடத்துவாரு. எங்க பக்கம் அப்படி இல்ல. பொண்ணும் மாப்பிள்ளையும் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கிறாங்க. சாமியார் சாட்சிதான். ரொம்ப காலம் சாமியார் இல்லாம ரெண்டு பேர் வாக்குக் கொடுத்தாலே கல்யாணம்தான். ஆளுங்க கொடுத்த வாக்க இல்லேன்னு ஏமாத்துனதாலதான், சாமியாரும் சாட்சியும் கட்டாயம்னு பின்னாடி சட்டம் போட்டாங்க."

"ஏமாத்துவீங்களா?"

"இல்ல."

"பதிவு இலாகாவுல பேர் கொடுங்க. அப்புறம் நான் பாத்துக்கிறேன்."

அறிவிப்பு ஒட்டி, நாள் வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டோம். அவள் சபைப் பெண்கள் இரண்டு பேர் சாட்சி. மறு ஞாயிறு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என்னைச் சபைக்குக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தாள். மூன்று பாட்டு முடிந்தது. சாட்சி சொல்கிற நேரம் என்று பாஸ்டர் அறிவித்தார். அங்கே யாரும் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம், யாரையும் தடுப்பதில்லை. அவள் எழுந்து மைக்கை வாங்கினாள். இன்னொரு கையால் என்னைக் கூப்பிட்டாள். எழுந்து போனேன்.

"சகோதர சகோதரிகளே, இவர எல்லாருக்கும் தெரியும், இந்தச் சுவருக்குச் சாயம் அடிச்சவரு. இவர் தண்ணியில இறங்க மாட்டேன்னுட்டாரு. அதுக்காகப் பாஸ்டர் கல்யாணம் நடத்தல, அவர் மனசாட்சி அவருக்கு. நான் இப்ப கர்த்தருக்கு முன்னாடி, உங்க எல்லாருக்கும் முன்னாடி, இவர என் புருஷனா ஏத்துக்கிறேன், சாகிற வரைக்கும். நீங்கதான் சாட்சி."

மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினாள். நானும் சொன்னேன், அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். எங்கள் சாமியார் இதைத் திருமணப் புத்தகத்தில் எழுத மாட்டார் என்று தெரியும். இந்தப் பாஸ்டரும் எழுத மாட்டார். எழுதாமல் போகட்டும்.

முன்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கிதார்க்காரர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் வேத புத்தகத்தை மூடித் திறந்தார்.

"சாட்சி முடிஞ்சுதா சிஸ்டர்?"

"முடிஞ்சிருச்சு பாஸ்டர். அடுத்த ஆளுக்கு மைக்கக் கொடுங்க" என்றாள்.

அடுத்து யாரும் எழவில்லை. பெண்கள் வரிசையில் ஒருத்தி, கிதாருக்குக் காத்திருக்காமல், தானாகவே பாட ஆரம்பித்தாள்.