முன் சீட்டில் ஈரம்

“மூணு லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓடின வண்டி மச்சான், இதப் போயி…”

“ஓடினா என்ன புள்ள? ஓடாம நின்ன வண்டியத்தான் வாங்கக் கூடாது. இஞ்சின் சத்தத்தக் கேளு, எப்பிடி…”

“இஞ்சினு கெடக்கட்டும். இம்புட்டுக் கம்மியா எதுக்குக் குடுக்குறாக? அதக் கேளுங்கங்கிறேன்.”

“மெதுவாப் பேசு. அவரு காதுல விழுது.”

“விழட்டும்னுதான் பேசுறேன்.”

பாளையம்பட்டியில், காரை விற்கிற காளிராஜின் வீட்டு வாசலில், உச்சி வெயிலில் நஸ்ரினும் அவள் புருஷனும் போட்ட சண்டை இது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நஸ்ரினை எப்போது கேட்டாலும் இதே வரிசையில்தான் சொல்வாள். ஒரு சொல் கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள். இருட்டினால்தானே பயம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

நஸ்ரினின் கணவன் நியாஸ் பத்து வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் வந்திருந்தான். வந்த வேகத்தில் இன்னொரு விசா தேடி வந்தது. சார்ஜாவில் ஒரு ஐஸ் குடோனாம். ஒரு ஆள் இடம் திடீரென்று காலியாம், உடனே வேண்டுமாம். இந்த வாரத்துக்குள் ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கார் ஒன்று அமைந்தால் நியாஸ் இங்கேயே வாடகைக்கு ஓட்டிக்கொண்டு வீட்டோடு இருப்பான். அமையாவிட்டால் விமானம். காருக்காக நஸ்ரினின் வளையல்கள் போகும். அது அவளுக்குப் பெரிதில்லை. வளையலும் போய், மூன்றே மாதத்தில் காரும் படுத்து, புருஷனும் பறந்துவிட்டால்…? அதனால்தான் அந்தக் காரை அவள் அப்படித் துருவித் துருவிப் பார்த்தாள்.

காளிராஜ் வளைகுடாவுக்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் விமான நிலையத்துக்கு ஏற்றி இறக்கியே பிழைத்தவர். திருச்சி, மதுரை, திருவனந்தபுரம் என்று ஓடி ஓடித்தான் மீட்டர் அந்தக் கணக்குக்கு வந்திருந்தது. அதை அவரே சாவி போட்டுக் காட்டினார்.

“திருப்பி வைக்கத் தெரியாதவன் இல்ல தங்கச்சி. வைக்கல.”

நஸ்ரின் அதை நம்பினாள். நம்பியதும்தான் சந்தேகம் கூடியது. இதைத் தானாகக் காட்டுகிற மனிதர் எதை மறைக்கிறார்?

காரைச் சுற்றி வந்தாள். பின் சீட்டுத் துணி நூல் நூலாகத் தேய்ந்திருந்தது. ஓட்டுகிறவர் சீட்டு ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. ஸ்டியரிங் வழுவழுப்பாகப் பளபளத்தது. எல்லாம் ஓடிய ஓட்டத்துக்குத் தக்கபடி கிழடு தட்டியிருந்தன. இடது பக்க முன் சீட்டுக்கு மட்டும் புது உறை. நஸ்ரின் கதவைத் திறந்தாள். கைப்பிடி சுட்டது. சீட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

ஜில்லென்று இருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தாள். ஈரம்.

“இது வெள்ளத்துல கெடந்த வண்டி மச்சான்,” என்றாள்.

தூத்துக்குடிப் பக்கம் மழையில் முங்கிய வண்டிகள் கழுவித் துடைத்து விலைக்கு வருவதாக அவள் கேள்விப்பட்டிருந்தாள். காளிராஜ் அவசரமாக மறுத்தார். ஏசித் தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்திருக்கிறது, அது உள்ளே கசிகிறது என்றார். பழைய வண்டியில் இதெல்லாம் சகஜம்தான் என்று நியாஸும் சேர்ந்துகொண்டான்.

இஞ்சின் நன்றாகச் சூடேறட்டும், திருச்சுழி வரைக்கும் போய்விட்டு வந்து பேசலாம் என்றாள் நஸ்ரின். காளிராஜ் சாவியை நியாஸிடம் கொடுத்தார். தான் பைக்கில் பின்னால் வருவதாகச் சொன்னார். அந்த வெயிலில், சொந்தக் காரில் ஏறாமல், முன்பின் தெரியாதவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பைக்கில் வருகிற மனிதரை நஸ்ரின் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கத்தில் உட்காரப் போனாள்.

காளிராஜ் குறுக்கே வந்தார்.

“பின்னால உக்காருங்க தங்கச்சி.”

“ஏண்ணே?”

“அந்த பெல்ட்டு… சத்தம் போட்டுக்கிட்டே கெடக்கும்.”

குனிந்து, காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். டக். சீட்டில் ஆள் இருப்பதைப் போல, மேலே படாமல் கையை எடுத்தார்.

நஸ்ரின் பின்னால் ஏறினாள். முன் சீட்டைக் காலியாகப் பார்த்தபடி பயணம் செய்வது அவளுக்குப் புதிதில்லை. ஆள் அழைக்க விமான நிலையம் போகும்போது அந்தச் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அது வருகிறவருக்கு. நியாஸை அழைக்கப் போன ஒவ்வொரு முறையும் பிள்ளைகளோடு பின்னால் நெருக்கிக்கொண்டு, வழி முழுக்க அந்த வெறும் சீட்டையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். இன்றைக்கு அவன் கண்ணெதிரே வண்டி ஓட்டுகிறான். பிறகு இந்தச் சீட்டு யாருக்கு?

அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில் ஏறினார்கள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அதற்கப்பால் வெடித்துக் கிடந்த கரிசல். இஞ்சின் சத்தம் காதில் விழ வேண்டும் என்று நியாஸ் ஏசி போடவில்லை. தன் பக்கக் கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தான்.

“தறி ஓடுற மாதிரி ஒரே சீரா இருக்கு பாரு,” என்றான். கல்யாணச் சவாரி, பள்ளிக்கூடச் சவாரி என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது. போகட்டும், வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

வளைகுடாப் பெட்டியை முதன்முதலாகத் திறக்கும்போது வருமே… சோப்பு, கோடாலித் தைலம், புதுக் கம்பளி எல்லாம் கலந்து. அது.

“சென்ட்டு போட்டீங்களா?”

“இல்லையே.”

முழங்காலில் குளிர் தட்டியது. முன் சீட்டின் முதுகிலிருந்து வந்தது.

“ஏசி?”

“அணைச்சுத்தான் கெடக்கு.”

இடது பக்க முன் கதவுக் கண்ணாடி வேர்க்க ஆரம்பித்தது. வெளியே அனல். உள்ளே கண்ணாடியில் வெள்ளையாகப் பனி ஏறியது. கீழிருந்து மேலே… மெதுவாக. முழுவதும் மூடிய பிறகு அதன் நடுவில் ஒரு வட்டம் தெளிந்தது. ரோட்டைப் பார்க்க யாரோ உள்ளங்கையால் துடைத்ததைப் போல.

துடைத்தது உள்பக்கம்.

“மச்சான்… வண்டிய நிறுத்துங்க.”

“ஈரம் புள்ள. வெயிலுக்குக் காயுது.”

சொன்னான். குரல் அவனுடையதாக இல்லை.

ர்ர்ர்ர்…

அந்தக் கண்ணாடி இறங்கியது.

நியாஸின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. ஒரு கையை எடுத்துப் பொத்தானை அழுத்தி ஏற்றினான். மறுபடி இறங்கியது. இடது பக்கம் ஒரு கிளை ரோடு பிரிந்து கண்மாய்க் கரை ஓரமாகப் போனது. நியாஸ் பிரேக்கை மிதித்துவிட்டான்.

ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

புது உறை சரசரத்தது. இறங்கப் போகிறவர் உடம்பை அசைத்தால் கேட்குமே, அந்தச் சத்தம்.

நஸ்ரின் பெல்ட்டின் கொக்கியையே பார்த்தாள். கழலும்… இப்போது கழலும்…

கழலவில்லை.

கண்ணாடி தானாக ஏறியது.

மூடிக்கொண்டது.

பிறகு அந்தச் சீட்டு ஒரு பக்கமாக அமுங்கியது. நியாஸ் இருந்த பக்கம். காதோடு காதாக எதையோ சொல்ல ஒருவர் சாய்ந்தால் அமுங்குவதைப் போல.

நியாஸின் இடது கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

“யா அல்லாஹ்…”

கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேரும் வெயிலில் விழுந்தார்கள்.

பின்னால் பைக் வந்து நின்றது. காளிராஜ் இடது பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு இவர்கள் பக்கம் வந்தார்.

“மீட்டரக் காட்டுனீக. சீட்டக் காட்டலையே அண்ணே,” என்றாள் நஸ்ரின். “யாரு அது?”

காளிராஜ் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

அந்தக் கிளை ரோடு போவது சகாபுதீன் என்பவரின் ஊருக்கு. இரண்டு மாதம் முன்னால் அவரை அழைத்துவர இதே காரில் வீட்டு ஆட்கள் திருச்சிக்குப் போனார்கள். முன் சீட்டைக் காலியாக விட்டுக்கொண்டு போனார்கள். விமானம் வந்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள். அவர் வரவில்லை. வாசலில் நிற்கும்போதுதான் போன் வந்தது. முதல் நாள் ராத்திரி கடைசி லோடு ஏற்றக் குளிர் ரூமுக்குள் போனாராம். கதவு அடைத்துக்கொண்டதாம். காலையில்தான் பார்த்தார்களாம். அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். காலிச் சீட்டோடு திரும்பி வந்தபோது, இந்த இடத்தில் அந்தக் கண்ணாடி தானாக இறங்கியது. அன்றிலிருந்து எப்போது வந்தாலும் இப்படித்தான்.

“ஒரு கெடுதலும் பண்ண மாட்டாரு தங்கச்சி. இங்கன வந்து ஒரு நிமிசம் நிறுத்துனா, கொக்கி தானாக் கழண்டுரும். வாசம் போயிரும். எறங்கிருவாரு.”

“இன்னைக்கு எறங்கலண்ணே.”

காளிராஜ் எட்டிக் காருக்குள் பார்த்தார். பெல்ட் மாட்டியபடியே இருந்தது. அவர் கையிலிருந்த துண்டு நழுவியது.

நியாஸ் கேட்டான்.

“அவுக எங்க வேல பாத்தாக?”

“சார்ஜால பாய். ஏதோ ஐஸ் குடோனு.”

நியாஸ் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காருக்குள் மறுபடி கண்ணாடி வேர்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை முன்னால் இருந்த பெரிய கண்ணாடியில், அவன் உட்கார்ந்து ஓட்டி வந்த பக்கம்.

நஸ்ரின் அவன் முன்னால் போய் நின்றாள்.

“மச்சான்… யாரு எடம் காலியாச்சுன்னு உங்களக் கூப்பிடுறாக?”