படம் இல்லாத பக்கம்

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல, தூக்கக் கலக்கமும் இல்லை. அப்போது மணி எட்டுகூட ஆகவில்லை. விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் என் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை, அந்த மாதம் முழுக்க மல்லுக்கட்டியே ஓய்ந்துபோனவள் நான்.

முதலில் என் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். பகலில் நான் பல் கட்டுகிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல்லும் கிளிப்பும் செய்துகொடுக்கும் லேபில் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் ரயில் வேகன் செய்வேன். சரக்கு வேகன். நிஜ வேகனில் எண்பத்தேழில் ஒரு பங்கு, ஒரு ஜாண்கூட வராது. இதே பைத்தியம் பிடித்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒரு கண்காட்சி. அழகாக இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வருடத்தில் அந்த வேகன் அப்படித்தான் இருந்ததா? அது ஒன்றுதான் கேள்வி.

கேட்கிறவர் பெயர் ஆணி. அதாவது, நாங்கள் வைத்த பெயர். ரயில்வே யார்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர். கையில் பூதக்கண்ணாடியோடு வந்து, தகட்டில் இருக்கும் ரிவெட் ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் விட மாட்டார். போன வருடம் என் வேகனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சக்கரம் வந்தது பத்து வருஷம் கழிச்சும்மா" என்றார். நான்கு மாத உழைப்பு போச்சு. அதற்கு முந்தின வருடம், பழுப்பு நிறத்தில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டதாம். கூட்டத்துக்கு நடுவில், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

இந்த வருடம் அந்த மனுஷர் வாயைத் திறக்கவே கூடாது. ஒரு தப்புகூட இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

அதனால்தான் அந்த வேகனைத் தேர்ந்தெடுத்தேன். சங்கத்தின் பழைய இதழ் ஒன்றில் அதன் படம் வந்திருந்தது. உலகத்திலேயே அந்த வேகனுக்கு அது ஒரே படம். யார்டின் கடைசித் தடத்தில் தனியாக நிற்கும் மூடிய வேகன், சாயங்கால வெளிச்சம், எண்கூட அத்தனை தெளிவு. ஒரே படம் என்றால் வேறு படத்தைக் காட்டி யாரும் என்னை மடக்க முடியாது, பாருங்கள்.

ஆணிக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சுண்டிவிட்டது.

"வேற வேகனே கிடைக்கலையா? அதை விட்டுடும்மா."

"ஒரு படம் போதும் சார்."

"சொன்னா கேளு."

அவர் வேண்டாம் என்றதும் எனக்கு இன்னும் வீம்பு ஏறிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினேன். ஒரு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரிவெட் ஒவ்வொன்றையும் எண்ணிவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வேகன்களைப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் படம் எடுத்திருப்பார்கள். மறுபக்கம் எப்படி இருந்ததென்று யாருக்கும் தெரியாது. அதனால் தெரிந்த பக்கத்தையே மறுபக்கத்திலும் செய்துவிடுவோம். எல்லோரும் செய்வதுதான். ஆணிகூட அதைக் குற்றம் சொன்னதில்லை. நானும் அப்படியே செய்தேன். இரண்டு பக்கமும் நகர்கிற கதவு, ஒவ்வொரு கதவையும் பூட்டக் கடுகளவு கொண்டி. உள்ளே வண்ணம் பூசவில்லை. உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. திங்கட்கிழமை கடைசி வேலையாகப் படத்தில் இருந்த அதே எண்ணை இரண்டு பக்கமும் ஒட்டினேன். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. தயவுசெய்து கேட்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால், மறுபக்கத்துக் கொண்டி கழன்று மேசையில் கிடந்தது. சனியன், பசை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தேன். பசை ஒட்டியிருந்த அடையாளமே அதில் இல்லை. சுரண்டி, பசை வைத்து, மறுபடி ஒட்டி, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

புதன்கிழமையும் கழன்று கிடந்தது. அதே பக்கம், அதே கொண்டி. படம் இருக்கிற பக்கத்துக் கொண்டி கல் மாதிரி நிற்கிறது! எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. நேராகக் கணவரிடம் போனேன். அவர் பேக்கரி மாஸ்டர். விடிவதற்கு முன்னாலேயே அடுப்படிக்குப் போகிறவர், ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்.

"ஏங்க, என் மேசையைத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடப்போறேன்? போன தடவை குட்டி ஏணி ஒண்ணை உடைச்சதுக்கு நீ திட்டினது இன்னும் காதுல ரீங்காரம் போடுது."

"பின்ன எப்படிங்க கழலும்?"

"பல்லே கழலுது. இது கழலாதா? போய்ப் படும்மா."

என் பல் கழலாது. என் வேலையில் அந்தப் பேச்சே கிடையாது. பல்லுக்குப் போடும் பசையையே கொண்டுவந்து ஒட்டினேன். அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை பூட்டைத் திறந்தேன். கொண்டி இல்லை. மேசையிலும் இல்லை, தரையிலும் இல்லை. அது இருந்த இடத்தில் மெல்லிய கம்பி ஒன்று கதவைச் சட்டத்தோடு சேர்த்து முறுக்கியிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நான்கு சுற்று. முனையைக் குறடால் நறுக்கிக் கீழ்ப்பக்கம் மடக்கியிருந்தது. கம்பி என்னுடையதுதான், பல் கிளிப்புக்குப் போடுவது.

கணவரை உலுக்கி எழுப்பினேன். "இது என்ன விளையாட்டு?"

பார்த்தார். தன் கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். விரல் ஒவ்வொன்றும் பன் மாதிரி. "இந்தக் கையாலயா?"

அது நியாயம்தான். அந்தக் கையால் அந்தக் கம்பியைத் தொடக்கூட முடியாது.

எனக்கு அப்போதும் பயம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. ஒரு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்ததை எவனோ கெடுக்கிறான். படத்தில் கொண்டி இருக்கிறது. நான் படத்தில் இருப்பதைத்தான் செய்வேன். கம்பியை அறுத்தெடுத்தேன், புதுக் கொண்டி செய்தேன், ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி கம்பி. அதே நான்கு சுற்று.

மணி ஏழு ஐம்பது. மேசை விளக்கைக் கிட்டே இழுத்தேன். குறடை எடுத்தேன். அப்போதுதான் கேட்டது.

டிக்... டிக்...

கடிகாரம் என்று நினைத்தேன். அந்த அறையில் கடிகாரம் கிடையாது.

டிக்... டிக்... டிக்...

ரொம்பச் சின்னச் சத்தம். காதைச் சாய்த்தேன். சுவரில் இல்லை, மேசையில் இல்லை. வேகனுக்கு உள்ளேயிருந்து வந்தது.

பூச்சி புகுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். வெளியே வரும்போது வண்ணத்தைக் கீறிவிடுமே என்றுதான் பதறினேன். கம்பியை அறுத்தேன். கதவை நகர்த்தினேன்.

சத்தம் நின்றது.

உள்ளே இருட்டு. என் சுண்டுவிரல்கூட நுழையாத வாசல். லேபிலிருந்து கொண்டுவந்த குட்டிக் கண்ணாடி மேசையில் கிடந்தது. காம்பு வைத்த வட்டக் கண்ணாடி, வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது. அதை உள்ளே விட்டேன்.

பூச்சி இல்லை. வெறும் வெள்ளைச் சுவர்.

இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன்.

கண்ணாடி மங்கியது.

துடைத்தேன். மறுபடி விட்டேன்.

மங்கியது... தெளிந்தது... மங்கியது...

பல் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். நோயாளியின் மூச்சு பட்டால் கண்ணாடி இப்படித்தான் மங்கும். ஆனால் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியைப் போட்டுவிட்டு ஓடினேன். அன்று இரவு விளக்கை அணைக்கவே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் கண்காட்சிக்கு ஏன் எடுத்துப்போனாய் என்று கேட்பீர்கள். கணவரும் அதைத்தான் கேட்டார். வீம்பு, வேறென்ன? பயந்து வீட்டில் வைத்தால் மூன்றாவது வருடமும் நான் தோற்றவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிச்சத்தில் உட்கார்ந்து மறுபடி கொண்டியை ஒட்டினேன். அன்றைக்கும் கம்பிதான் இருந்தது, அதையும் பிடுங்கிப் போட்டேன். டப்பாவில் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். வழியில் டப்பாவைத் திறக்கவில்லை.

மண்டபத்தில் மேசை மேல் வைத்தபோது, படம் இருக்கிற பக்கம்தான் என்னைப் பார்த்து இருந்தது. ஆணி என் பக்கம் வந்து நின்றார். குனிந்தார். முணுமுணுத்துக்கொண்டே எண்ணினார். சக்கரம் பார்த்தார், நிறம் பார்த்தார், எழுத்தின் உயரத்தை அளந்தார். வாய் திறக்கவில்லை. எனக்கு மனசு குளிர்ந்தது. பிறகு வேகனைத் திருப்பி வைத்தார்.

அவர் கை அப்படியே நின்றது.

நான் எட்டிப் பார்த்தேன். கொண்டி இல்லை. கம்பி இருந்தது.

பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"இந்தப் பக்கத்துக்குப் படம் கிடைச்சுதா?" குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"இல்ல சார். அது நான் செஞ்சதில்ல..."

"உள்ள பார்த்தியா?"

"பார்த்தேன் சார். உள்ள... மூச்சு இருக்கு."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அவர் உட்காரவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு எதுவும் இல்லை. ரெண்டு பக்கமும் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

முதல் பரிசு எனக்குத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வார்த்தைக்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன். ஒரு பொட்டுச் சந்தோஷம் வரவில்லை. நான் செய்யாத பக்கத்துக்கு எனக்குப் பாராட்டு. அந்தக் கம்பியை யார் முறுக்கினார்கள், டப்பாவுக்குள் எப்படி முறுக்கினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து அதை அறுத்தேன். கதவை முழுக்கத் திறந்துவைத்தேன். அதற்குப் பிறகு கம்பி வரவில்லை, சத்தமும் இல்லை.

மூன்று நாள் கழித்து ஆணி வீட்டுக்கு வந்தார். கணவர் பேக்கரியில் இருந்தார். உட்காரச் சொன்னேன், நின்றபடியே பேசினார்.

அந்த எண் போட்ட வேகனுக்கு, அந்தப் பக்கத்துக் கொண்டி உடைந்திருந்ததாம். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது, யார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மழை. கதவு ஆடுகிறதே என்று ஒரு கம்பியை எடுத்து நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த பக்கத்துக் கதவுக்கு ஏற்கெனவே கொண்டி போட்டிருந்தது. வேகனைக் கடைசித் தடத்தில் தள்ளிவிட்டார்கள். சரக்கு ஏற்ற அதை மறுபடி எடுத்தது இரண்டு வாரம் கழித்து. மழைக்கு ஒதுங்கிப் படுத்த ஒரு மூட்டை தூக்கும் ஆள் உள்ளே இருந்தார். உயிர் இல்லை.

"கம்பியை அறுத்து எறிஞ்சதும் நான்தான். எனக்கு முன்னாடி யாரும் அதைப் பார்க்கல. யாருக்கும் தெரியாதும்மா. இந்த அம்பத்து நாலு வருஷமா யாருக்குமே தெரியாது."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கத்த வேண்டும் போல இருந்தது. எழுபத்தைந்து வயது மனிதரை என்னவென்று கத்துவது? அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நான் பெரிதாக்கி ஒட்டிய படம் இருந்தது.

"அந்தப் படமும் நான் எடுத்ததுதான்" என்றார். "புது கேமரா. அவன் உள்ள போய் ரெண்டாவது நாள். கம்பி கட்டின பக்கம் அசிங்கமா இருந்துச்சுன்னு இந்தப் பக்கம் வந்து எடுத்தேன். எடுக்கும்போது தட்டுற சத்தம் கேட்டுச்சு."

"கேட்டுச்சா? அப்ப ஏன் சார் திறந்து பார்க்கல?"

அவர் படத்துக்குக் கிட்டே போய் நின்றார்.

"வெளிச்சம் போய்க்கிட்டே இருந்துச்சும்மா" என்றார்.