டிஸ்க்கைப் பீரோவில் வையுங்கள்

போன வாரம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், காடு மலையென்று போட்டோ எடுக்கிற மகனுக்காக லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையாளியான கடைக்காரர் ஒரு பையைத் திறந்து, எல்லாம் ஒன்றாகவே கொண்டு போகலாம் என்று காட்டினார்.

"லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் இதிலயே வச்சு கொண்டு போகாம் சாரே. சேஃபாணு."

நான் எழுந்து அந்தப் பையையே பார்த்தேன்.

என் மகள் ரேவதி பறவைகளைப் படமெடுப்பவள். கேமராவின் கார்டு சின்னது, மத்தியானத்துக்குள் நிறைந்துவிடும். படங்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, கார்டை அழித்துவிட்டு, மறுபடி தொடங்க வேண்டும். அதனால் லேப்டாப் வாங்கும்முன் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் விவாதம் நடந்தது. அவளுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும், பேட்டரி நிற்க வேண்டும். அவள் அப்பாவுக்கு, வெயிலில் திரை தெரிய வேண்டும். தெரியும் என்று சத்தியம் செய்து விற்றார்கள்.

மலையில் போய்த் திறந்தால்... அவள் முகம்தான் தெரிந்தது!

அன்றிலிருந்து என் கணவரும் கறுப்புக் குடையோடு கூடவே போனார். அவள் பாறையில் உட்கார்ந்து படம் ஏற்றுவாள். இவர் திரைக்குக் குடை பிடிப்பார். "நான் இவளுக்குக் குடைக்காரன்லா" என்று தெருவெல்லாம் பெருமை. அவள் அவரையும் அப்படியே படமெடுத்து வைத்திருந்தாள்.

ரேவதிக்கு ஒரு விதி உண்டு. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுப்பாள். டிஸ்க் என் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பீரோவில் இருக்கும். லேப்டாப் வெளியே போகும், டிஸ்க் போகாது.

பிறகு ஒரு சாயங்காலம். என் கணவர் ஆபீசிலிருந்து வந்தார், டீ கேட்டார். டீ கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

மாலை போட ஒரு படம் இல்லை. குடைப் படங்கள் ஒன்றையும் பிரிண்ட் போட்டிருக்கவில்லை. டிஸ்க்கைத் திறந்து அவற்றைப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியமில்லை. ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினோம்.

மூன்று மாதம் கழித்து ரேவதி போனக்காடு என்ற மலைக்குக் கிளம்பினாள். தெரிந்த ஜீப் டிரைவர்தான். ஆனால் முதல் தடவையாகக் குடைக்காரர் இல்லாமல்... நான் என்ன செய்தேன் தெரியுமா? பீரோவைத் திறந்து, டிஸ்க்கை எடுத்து, அவளுக்குத் தெரியாமல் லேப்டாப் பையில் வைத்தேன்.

வழியில் வித்துரா என்ற ஊரில் டீக்கு நிறுத்தியபோது பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "இதை எதுக்கும்மா வச்சே?"

"அப்பா கூட வரட்டும் மக்களே" என்றேன்.

திரும்பும்போது ஓர் ஓடையைக் கால்நடையாகக் கடந்திருக்கிறார்கள். மேலே எங்கோ மழை. தண்ணீர் திடீரென்று ஏறிவிட்டது. டிரைவர் அவள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் பையின் வார். பையை விடு, விடு என்று அவர் கத்தியிருக்கிறார். கடைசியில் விட்டாள். லேப்டாப், டிஸ்க் இரண்டும் ஒன்றாகப் போயின.

ஈரத் துணியோடு வந்து நின்றவள் ஒன்றுதான் சொன்னாள்.

"சொன்ன உடனே விட முடியலம்மா. அப்பா அதுலல்லா இருந்தாரு."

பறவைகள் அடுத்த வருஷமும் வரும். அவர் படம் வராது — அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அவள் விடாமல் நின்ற அந்த நொடி? அந்தப் பாரத்தை அவள் கையில் கொடுத்தனுப்பியது நானல்லவா?

பிள்ளைகளின் பையில் நாம் திணித்து அனுப்புவதில் பாதி, நம்முடைய பயம்தான்.

கடையில் அந்தப் பெரியவரிடம் மெல்லச் சொன்னேன். "டிஸ்க்கைப் பையில வைக்க விடாதீங்க. வீட்டுப் பீரோவில இருக்கட்டும்."

இந்தச் சனிக்கிழமை ரேவதி மறுபடி போகிறாள். புது டிஸ்க் பீரோவில் இருக்கிறது.

குடை பிடிக்க நான் போகிறேன்.